ஒரே நேரத்தில் பல தண்டனைகள்: கூட்டுவதா, கடுமையானதை மட்டும் தருவதா, ஈடுகட்டுவதா?

சீட்டாட்டப் போட்டிகளில் நடுவராக நிற்கத் தொடங்குபவர்கள், எந்தத் தவறுக்கு எந்தத் தண்டனை என்பதை விதிநூலைப் பார்த்து விரைவிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அவர்கள் திணறுவதெல்லாம் இரண்டு தவறுகள் ஒன்றாக வந்து நிற்கும்போதுதான். தாமதமாக வந்த ஆட்டக்காரரின் டெக் பட்டியலிலும், அதாவது தாம் ஆடக் கொண்டுவரும் சீட்டுக்கட்டில் உள்ளவற்றை எழுதித் தரும் பட்டியலிலும், பிழை இருக்கிறது. ஒரு சீட்டின் வாசகத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவர் மூன்று டர்ன்களாக (தம் முறை வரும்போதெல்லாம்) அதே தவறைச் செய்துவந்திருக்கிறார். எதிரெதிரே அமர்ந்த இருவருமே ஒரே வேளையில் விதி மீறியிருக்கிறார்கள். இத்தகைய நேரங்களில் என்ன செய்வது என்று போட்டி நடத்துபவர்களும் புதிய நடுவர்களும் கேட்கும் கேள்விக்கு, நடைமுறையில் உள்ள நான்கு வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். எடுத்துக்காட்டுகளை இரண்டு விதிமரபுகளிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஒவ்வொருவரும் தமக்கெனத் தேர்ந்தெடுத்த கட்டோடு வந்து ஆடும் மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டாட்டத்தின் தண்டனை வழிகாட்டி. மற்றொன்று, ஒரே கைச்சீட்டுகளைப் பல மேசைகளில் ஆடி ஒப்பிடும் டூப்ளிகேட் பிரிட்ஜ் ஆட்டத்தின் 2017ஆம் ஆண்டு திருத்தப்பட்ட சட்டங்கள். ஒரே சிக்கலை இவ்விரண்டும் நேரெதிரான திசைகளிலிருந்து அணுகுகின்றன.

## தண்டனை வேறு, திருத்தம் வேறு

வழிகளுக்குள் போகுமுன் ஒன்றைப் பிரித்துவைக்க வேண்டும். தவறு கண்டுபிடிக்கப்பட்டதும் நடுவர் இரண்டு வேலைகளைச் செய்கிறார். குலைந்துபோன ஆட்டத்தைச் சீர்செய்வது ஒன்று. தவறியவருக்குத் தண்டனை வழங்குவது இன்னொன்று. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் தீர்மானிக்க முயல்வதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

இரண்டுக்கும் வரிசைகூட ஒன்றில்லை. ஆட்டத்தைப் பின்னோக்கி எடுத்துச் செல்ல வேண்டியிருந்தால், கடைசியாக நிகழ்ந்த செயலை முதலில் நீக்கி, அதற்கு முந்தையதை அடுத்து நீக்கி, தவறு நிகழ்ந்த இடத்திற்குப் படிப்படியாகத் திரும்ப வேண்டும். தண்டனைகளிலோ எது கடுமையானதோ அதுவே முதலில் நிற்கும். மேலும், சேதம் சீராகிவிட்டால் அதை இரண்டாம் முறை சீர்செய்ய முடியாது. தண்டனையை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். ஆகவே ‘அடுக்கலாமா’ என்ற கேள்வி தண்டனைக்கு மட்டுமே உரியது.

## எடைபோடும் அளவுகோல்கள்

நான் முதன்மையாகப் பார்ப்பது தண்டனையின் அளவு தவறின் அளவுக்குப் பொருந்துகிறதா என்பதை. அடுத்து, ஒரே நிகழ்வு பத்து மேசைகளில் பத்து நடுவர்கள் முன் நிகழ்ந்தால் பத்துப் பேரும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்களா என்பது. மூன்றாவது, தவறு செய்யாதவர்மீது தீர்ப்பு எப்படி விழுகிறது என்பது. எதிரே அமர்ந்திருப்பவர் மட்டுமல்லாமல், அதே அரங்கில் வேறு மேசையில் ஆடிக்கொண்டிருக்கும் மூன்றாமவரும் இதில் அடக்கம். நான்காவது, சுற்றைத் தாமதப்படுத்தாமல் தீர்ப்பளிக்க முடியுமா என்பது. இவற்றில் மூன்றாவதைத்தான் நடுவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். ஒரு மேசையில் சொல்லும் தீர்ப்பு புள்ளிப்பட்டியல் முழுவதையும் தொடுகிறது.

## முதல் வழி: தவறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டனை

எண்ணிக்கையைப் பார்த்துத் தண்டனையைக் கூட்டும் முறை இது. நடுவர்களிடையே வேறுபாடு மிகக் குறைவாக எழும், விசாரணையும் சுருக்கம். தவறுகள் உண்மையிலேயே தொடர்பில்லாதவை என்றால் இதைவிட நேர்மையான வழி இல்லை. ஆட்டக்காரரின் சீட்டுகளில் சில உறைகள் தேய்ந்து அடையாளம் தெரியும்படி இருக்கின்றன. அவர் டெக் பட்டியலை எழுதியபோது ஒரு வரியையும் விட்டுவிட்டார். இந்த இரண்டும் ஒரே டெக் சோதனையில் வெளிப்பட்டன என்பதற்காக ஒன்றை மன்னிப்பது, அவற்றைத் தனித்தனி நாளில் செய்து தனித்தனியாகத் தண்டனை பெற்றவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

இதன் மறைமுக விலை, தண்டனை தானாகவே உயரும் விதிகளில் இருக்கிறது. மேஜிக் ஆட்டத்தின் போட்டி நிலை விதிகளில், ஆட்டத்துக்குள் நிகழும் ஒரே வகைத் தவறு பெரும்பாலும் எச்சரிக்கையோடு முடியும். அதே நாளில் மூன்றாம் முறை நிகழும்போது அது கேம் லாஸ் எனப்படும் ஆட்ட இழப்பாக உயர்கிறது. இப்போது மூன்று டர்ன்களாக ஒரே சீட்டைத் தவறாக ஆடியவரை எடுத்துக்கொள்வோம். கூட்டல் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு கையாளும் நடுவர் மூன்று மீறல்களை எண்ணி, மூன்றாவதை ஆட்ட இழப்பாக்கிவிடுவார். எச்சரிக்கையின் நோக்கமே ஒருவரை எச்சரித்து அடுத்த முறை கவனமாக இருக்கச் செய்வதுதான். அவர் காதில் ஒரு எச்சரிக்கைகூட விழாத நிலையில் மூன்றாவதற்கான தண்டனை விழுந்தால், முதல் இரண்டுக்கும் தம் வேலையைச் செய்ய வாய்ப்பே கிடைக்கவில்லை.

## இரண்டாம் வழி: வேர் ஒன்றென்றால் தண்டனையும் ஒன்று

மேஜிக் வழிகாட்டி பின்பற்றுவது இதைத்தான். ஒரே நேரத்தில் செய்யப்பட்ட அல்லது கண்டுபிடிக்கப்பட்ட தனித்தனித் தவறுகளுக்குத் தனித்தனித் தண்டனைகள் உண்டு. ஆனால் அவற்றின் வேர்க்காரணம் ஒன்றாக இருந்தால், கடுமையான தண்டனை மட்டுமே வழங்கப்படும். பட்டியலில் ஒரு சீட்டை எழுத மறந்தவருக்குப் பட்டியலும் பிழை, பட்டியலோடு கட்டும் பொருந்தவில்லை என்று இரு குற்றங்கள் சாட்டப்படுவதில்லை; மறந்தது ஒரே ஒரு முறைதான். மேலே சொன்ன மூன்று டர்ன் நிகழ்விலும் தவறான புரிதல் ஒன்றே என்பதால் ஒரு தண்டனையே பொருந்தும்.

தவறுக்கும் தண்டனைக்குமான பொருத்தத்தில் இம்முறையை மற்றவை நெருங்க முடியாது. ஆனால் ‘வேர்’ எது என்று முடிவுசெய்யும் பொறுப்பு நடுவர் தலையில் விழுகிறது. அங்கேதான் இதற்கான விலையைக் கொடுக்கிறோம். ‘முதல் தவறு நிகழாதிருந்தால் இரண்டாவது நிகழ்ந்திருக்குமா’ என்று கேட்டுப் பார்ப்பதே பலரின் வழக்கம். இந்தச் சோதனை மட்டும் போதாது. ஆட்ட இழப்பு பெற்றவர் ஆத்திரத்தில் எதிராளியைத் திட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் தவறு இல்லாவிட்டால் அந்தத் திட்டும் வந்திராது. அதற்காக ஒழுங்கீனத்தை டெக் பிழையின் கிளையாகக் கருதி விட்டுவிட எந்த நடுவரும் ஒப்பமாட்டார்.

ஆகவே இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கப் பரிந்துரைக்கிறேன்: இரண்டு தவறுகளுக்கும் இடையில் ஆட்டக்காரர் புதிதாக ஏதேனும் முடிவெடுத்தாரா? திட்டுவது புதிய முடிவு. அதனால் தனித் தண்டனை. ஒரே தவறான நம்பிக்கையில் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது புதிய முடிவாகாது. அதனால் ஒரே தண்டனை. ஆனால் இரண்டாம் டர்னுக்குப் பிறகு எதிராளி ‘அந்தச் சீட்டில் அப்படி எழுதவில்லையே’ என்று சுட்டிக்காட்டியும், இவர் வாசகத்தைப் பார்க்காமல் மூன்றாம் முறையும் செய்திருந்தால், வேர் அங்கே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. விதியை அறிந்துகொண்டே ஆதாயத்திற்காகச் செய்தார் என்று தெரியவந்தால், பேச்சே வேறு: அது ஏமாற்றுதல், அதற்குத் தகுதிநீக்கம்.

விசாரணை நீளும் என்பதும், சாதுரியமாகப் பேசத் தெரிந்தவர் ‘எல்லாம் ஒரே மறதியால் வந்தவை’ என்று நடுவரை நம்பவைத்துவிடலாம் என்பதும் உண்மையே. இதைத் தடுக்க, என்ன நடந்தது என்பதை ஆட்டக்காரர் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்; தண்டனைகளின் பெயரை விசாரணை முடியும்வரை உச்சரிக்கவே கூடாது. ‘வேர் ஒன்றா’ என்று கேட்டால் ஆம் என்ற பதில் மட்டும்தான் வரும்.

### ஒரு சுற்றில் அடங்காத தண்டனை

வேர்கள் இரண்டு, தண்டனைகளும் இரண்டு, ஆனால் முதலாவது இரண்டாவதற்கு இடமே இல்லாமல் செய்துவிடுகிறது என்றால்? மூன்றாம் சுற்று தொடங்கிப் பன்னிரண்டு நிமிடங்கள் கழித்து ஓர் ஆட்டக்காரர் வருகிறார். சுற்று தொடங்கும்போது இருக்கையில் இல்லாததற்கு ஆட்ட இழப்பு. பத்து நிமிடங்கள் கடந்துவிட்டால் அது மேட்ச் லாஸ், அதாவது போட்டி இழப்பு: அந்தச் சுற்றில் எதிராளியோடு ஆட வேண்டிய ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்த போட்டியே போய்விடும். அவர் வருவதற்குள் பட்டியல்களைச் சரிபார்த்த நடுவர், அவருடைய பட்டியலில் அறுபது சீட்டுகளுக்குப் பதில் ஐம்பத்தொன்பதுதான் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கும் ஆட்ட இழப்பு. முழுப் போட்டியையும் இழந்தவரிடம் அதில் ஓர் ஆட்டத்தை எப்படிப் பறிப்பது? கடுமையானதை இந்தச் சுற்றிலும், மற்றதை அடுத்த சுற்றிலும் செயல்படுத்த வேண்டும் என்பது வழிகாட்டியின் விடை.

விடை தெளிவானது, ஆனால் பலனைப் பெறுபவர் யார் என்று பாருங்கள். நான்காம் சுற்றில் இவருக்கு எதிரே அமரும் ஒருவர், இந்தக் கதையில் எந்தத் தொடர்பும் இல்லாதவர், மூன்று ஆட்டங்கள் கொண்ட போட்டியில் ஒன்றை ஆடாமலே வென்று தொடங்குகிறார். யாரும் வெளியேற்றப்படாமல் ஒத்த புள்ளிகள் உள்ளவர்கள் சுற்றுதோறும் மோதும் சுவிஸ் முறையில், அதே புள்ளிகளோடு போட்டியிடும் வேறொருவருக்கு இது நியாயமாகத் தோன்றாது. ஆனாலும் இந்தத் தண்டனையை அப்படியே விட்டுவிட்டால், பெரிய தவறு செய்தவருக்குச் சிறிய தவறுகளெல்லாம் இலவசம் என்றாகிவிடும். இரண்டு தீமைகளில் முன்னதே சிறியது என்று நான் கருதுகிறேன்.

## மூன்றாம் வழி: இருதரப்புத் தண்டனைகளை ஈடுகட்டுதல்

இருவருமே தவறியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது, இருவரும் ஒரே தவறின் இரு பங்காளிகளா என்பதை. ஒருவர் விதியை மீற, மற்றவர் கவனிக்காமல் விட்டிருந்தால், மீறியவருக்கு விதிமீறல் எச்சரிக்கையும், கவனிக்காதவருக்கு ஆட்டநிலையைக் காக்கத் தவறியதற்கான எச்சரிக்கையும் கிடைக்கும். பின்னது எத்தனை முறை வந்தாலும் ஆட்ட இழப்பாக உயராது. ஆனால் ஒருவர் சொன்ன தவறான அறிவுரையைக் கேட்டு மற்றவர் ஆடியிருந்தால், இருவரும் சமப் பொறுப்பாளிகள். இருவருக்கும் விதிமீறல் எச்சரிக்கை. எச்சரிக்கைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்பதால் சிக்கல் எழுவதில்லை.

சிக்கல் ஆட்ட இழப்பில்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஆட்ட இழப்பு வழங்கப்பட்டால், இரண்டும் பதிவாகும், ஆனால் போட்டியின் ஆட்டக்கணக்கை மாற்றாது என்பது மேஜிக் விதி. சுற்று தொடங்கும்போது இரு இருக்கைகளும் காலியாக இருந்து, இருவரும் சில நிமிடங்கள் தாமதமாக வந்து சேர்ந்தால், பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் முழுப் போட்டியையும் ஆடலாம்.

இது தரும் எளிமை பெரிது. ஆனால் ‘ஒரே நேரம்’ என்பதை நடுவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதில் போட்டியின் முடிவே தங்கியிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. போட்டி தொடங்குமுன் ஒருவருக்குத் தாமதத்திற்கான ஆட்ட இழப்பும், எதிராளிக்குப் பட்டியல் பிழைக்கான ஆட்ட இழப்பும் ஒன்றாக அறிவிக்கப்பட்டால், கணக்கு பூஜ்யம். மூன்று ஆட்டங்களும் மீதமிருக்கும். அதே இரண்டு தண்டனைகளும் ஐந்து நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், கணக்கு ஒன்றுக்கு ஒன்று. மீதமிருப்பது ஒரே ஓர் ஆட்டம். தவறுகள் மாறவில்லை, தவறியவர்கள் மாறவில்லை. நடுவர் எப்போது வாயைத் திறந்தார் என்பது மட்டுமே மாறியது. சோதனை ஏதேனும் நடந்துகொண்டிருக்கும் மேசையில், அது முடியும்வரை வேறு எந்தத் தண்டனையையும் அறிவிக்காமல் இருப்பதே இதற்கு ஒரே பாதுகாப்பு.

போட்டி இழப்புக்கு இந்த ஈடுகட்டலை நீட்டிக்கக் கூடாது. இருவரும் பத்து நிமிடங்களுக்கு மேல் வராவிட்டால், ஆடப்படாத போட்டியில் ஈடுகட்ட ஒன்றுமில்லை. இருவரும் இழக்கிறார்கள், வெற்றிக்குரிய மூன்று புள்ளிகளை அந்த மேசையில் யாரும் பெறுவதில்லை. சுவிஸ் சுற்றுகளில் இதைத் தாங்கிக்கொள்ளலாம். வென்றவர் மட்டுமே முன்னேறும் நாக்அவுட் சுற்றிலோ, அடுத்த கட்டத்தில் ஓர் இடம் காலியாகி, அங்கே காத்திருப்பவருக்கு ஆடாமலே வெற்றி கிடைக்கிறது.

## நான்காம் வழி: தண்டனையை எண்ணாமல் சமநிலையை மீட்டல்

பிரிட்ஜ் சட்டங்களின் போக்கு வேறு. அங்கே முதல் அக்கறை, தவறு நிகழாதிருந்தால் தவறாத தரப்புக்கு என்ன கிடைத்திருக்குமோ அதைத் திருப்பித் தருவது. கேட்ட இனத்தில் சீட்டு கையில் இருந்தும் வேறு இனத்தை இறக்கும் ரிவோக் என்னும் தவறை எடுத்துக்கொள்வோம். அது உறுதியாகிவிட்டால், அதாவது திருத்திக்கொள்ளும் கட்டத்தைக் கடந்துவிட்டால், யார் எந்தப் பிடியை (நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கும் ஒரு வட்டத்தை) வென்றார் என்பதைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு பிடிகள் எதிர்த்தரப்புக்கு மாற்றப்படும். ஆனால் அதே ஆட்டக்காரர் அதே இனத்தில் மறுபடி ரிவோக் செய்தால், இரண்டாவதற்குத் தானாகப் பிடி மாற்றம் கிடையாது. ஒரே போர்டில் (ஒரு முறை பகிர்ந்த கைச்சீட்டுகளின் ஆட்டத்தில்) இருதரப்பும் ரிவோக் செய்து இரண்டும் உறுதியாகியிருந்தாலும் தானான மாற்றம் கிடையாது. இத்தோடு நின்றிருந்தால், இரண்டாம் தவறு இலவசம் என்ற குற்றச்சாட்டுக்கு இச்சட்டம் ஆளாகியிருக்கும். 64ஆம் சட்டம் அங்கே நிற்கவில்லை: தானான மாற்றம் இல்லாத ரிவோக்குகளையும் சேர்த்துப் பார்த்து, பாதிக்கப்பட்ட தரப்புக்குப் போதுமான ஈடு கிடைக்கவில்லை என்று டைரக்டர் எனப்படும் பிரிட்ஜ் நடுவர் கருதினால், அவர் திருத்திய மதிப்பெண்ணை வழங்குகிறார். இயந்திரக் கணக்கு எங்கே பொருளிழக்கிறதோ, அங்கே மனிதத் தீர்ப்பை அமர்த்தும் இந்த அமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்னொரு நுணுக்கமும் இங்கே உண்டு. ஏலத்தில் வென்ற தரப்பை எதிர்த்து ஆடும் டிஃபெண்டர் ஒருவர் கவனக்குறைவால் ஆட்டின் (ஹார்ட்ஸ்) இனத்து நான்கை மேசையில் தவறவிட்டால், அது சிறு தண்டனைச் சீட்டாகத் திறந்து கிடக்கும். கூடவே கிளாவர் (கிளப்ஸ்) ஏழும் விழுந்திருந்தால், இரண்டும் பெருந்தண்டனைச் சீட்டுகளாகிவிடுகின்றன. இரண்டையுமே சட்டப்படி இறக்கக்கூடிய கட்டம் வரும்போது, எதை இறக்குவது என்பதை எதிர்த்தரப்பின் டிக்ளேரர் (ஏலத்தில் வென்ற தரப்புக்காகச் சீட்டுகளை ஆடுபவர்) தீர்மானிக்கிறார். இரண்டு சிறிய தண்டனைகளைக் கூட்டாமல், அவற்றின் தன்மையையே மாற்றி, தேர்வுரிமையைத் தவறாதவர் கையில் கொடுக்கும் இந்த வகை ஏற்பாட்டை வேறு சீட்டாட்ட விதிகளில் காண்பது அரிது.

ஒரு போர்டை ஆடி முடிக்கவே இயலாமல் போனால், நேரடியாகத் தவறிய தரப்புக்கு அதிகபட்சம் 40 விழுக்காடு, ஓரளவு தவறியவர்களுக்கு 50, எவ்விதத்திலும் தவறாதவர்களுக்குக் குறைந்தபட்சம் 60 என்று செயற்கை மதிப்பெண் தரப்படுகிறது. இருதரப்பும் நேரடியாகத் தவறியிருந்தால் இருவருக்கும் 40. கூட்டுத்தொகை நூறாக வேண்டிய அவசியமில்லை. மேஜிக்கின் ஈடுகட்டலோடு இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும்: அங்கே எதிராளியின் தவறு உங்களைக் காப்பாற்றுகிறது, இங்கே உங்கள் பங்கு எதிராளியைப் பாராமல் தனியே அளக்கப்படுகிறது.

இதன் விலை, நடுவருக்குத் தேவைப்படும் திறமையும் நேரமும். தவறு நிகழாத உலகில் ஆட்டம் எப்படி முடிந்திருக்கும் என்று சொல்ல, ஆட்டத்தையே ஆழமாக அறிந்திருக்க வேண்டும். ஒரே கைச்சீட்டுகளைப் பல மேசைகள் ஆடும் டூப்ளிகேட் முறையில் மற்ற மேசைகளின் முடிவுகள் துணைக்கு வரும். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கட்டோடு வரும் ஆட்டங்களில் அந்தத் துணை கிடையாது.

## ஒரே பார்வையில்

| வழி | பொருத்தமான இடம் | மறைமுக விலை |
|---|---|---|
| தனித்தனியே கூட்டல் | தொடர்பில்லாத தவறுகள் | எச்சரிக்கை கேட்காமலே தண்டனை உயர்வது |
| வேர்க்காரணம் | தனித்தனிக் கட்டுகளோடு ஆடும் போட்டித்தொடர்கள் | நீளும் விசாரணை. சாதுரியப் பேச்சுக்கு இடம் |
| ஈடுகட்டல் | இருதரப்பு ஆட்ட இழப்பு மட்டும் | அறிவிக்கும் நேரத்தைச் சார்ந்த முடிவு |
| சமநிலை மீட்பு | மேசைகளை ஒப்பிடக்கூடிய பிரிட்ஜ் வகை | நடுவரின் ஆட்ட அறிவைச் சார்ந்திருத்தல் |

## எந்தப் போட்டிக்கு எது

பொழுதுபோக்காக நடக்கும் சிறு போட்டிகளுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். மேஜிக் ஆட்டத்திலேயே சாதாரண நிலைப் போட்டிகளில் இந்தத் தண்டனை வழிகாட்டி பயன்படுவதில்லை. ஆட்டத்தைச் சீர்செய்து, விதியைச் சொல்லிக்கொடுத்து, தொடர்ந்து ஆடவிடுவதுதான் அங்கே முறை. மூன்று தவறுகள் சேர்ந்து வந்தாலும் மூன்றையும் விளக்கிவிட்டு நகரலாம்.

பரிசும் தரவரிசையும் உள்ள சுவிஸ் போட்டித்தொடர் என்றால் என் தேர்வு இரண்டாம் வழி. அதற்குத் துணையாக, ஆட்ட இழப்புக்கு மட்டும் ஈடுகட்டலையும், தேவைப்படும்போது அடுத்த சுற்றுக்கு எடுத்துச் செல்லலையும் வைத்துக்கொள்ளலாம். நடுவர்கள் பெரும்பாலும் அனுபவமில்லாதவர்கள் என்றால், வேரைத் தீர்மானிக்கும் பொறுப்பை மேசை நடுவர்களிடம் விடாமல் தலைமை நடுவரிடம் மட்டும் வையுங்கள். தீர்ப்புகள் மேசைக்கு மேசை மாறுவது பெருமளவு குறையும். வழிகாட்டியிலிருந்து விலகும் அதிகாரம் மேஜிக்கில் தலைமை நடுவருக்கு மட்டுமே, அதுவும் மேசையே சரிந்து விழுவது போன்ற அசாதாரணச் சூழல்களில் மட்டுமே உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ‘ஏற்கெனவே ஒரு தண்டனை வாங்கிவிட்டாரே’ என்ற இரக்கம் அந்தப் பட்டியலில் சேராது. ஒரே கைச்சீட்டுகள் மேசை மேசையாகச் சுற்றும் ஆட்டம் என்றால் நான்காம் வழியைத் தவிர மற்றதை நாடுவதற்குக் காரணமில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வழங்காமல் விட்ட தண்டனைக்குரிய தவறையும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரே வேர் என்று கருதிச் சேர்த்த தவறுகளை அந்தக் காரணத்தோடு குறித்துவைத்தால், பிற்பகலில் அதே ஆட்டக்காரர் அதே விளக்கத்தோடு வேறொரு நடுவர் முன் நிற்கும்போது, அந்த நடுவருக்கு முழுக் கதையும் தெரியும். எடுத்துச் செல்லும் தண்டனை என்றால், பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்தவரைப் பற்றிய பதிவில் ‘மூன்றாம் சுற்று: தாமதம், போட்டி இழப்பு; பட்டியல் பிழை, ஆட்ட இழப்பு, நான்காம் சுற்றில் செயல்படும்; வேர் வேறு’ என்று இருக்க வேண்டும். நான்காம் சுற்றுக்கான இணைகள் வெளியானதும், அவருக்கு எதிரே அமர்பவரிடம் நடுவரே நேரில் சென்று, கணக்கு ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தொடங்குவதையும், போட்டிக்கு முன்பே விழுந்த ஆட்ட இழப்பு என்பதால் உண்மையில் ஆடப்படும் முதல் ஆட்டத்தில் இருவருமே சைட்போர்டைத் (ஆட்டங்களுக்கிடையே கட்டில் மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் கூடுதல் சீட்டுகளை) தொடக்கூடாது என்பதையும் சீட்டுகளைக் கலைக்கத் தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும்.